என்ன நடந்தது என்று கேட்காத டோரதி

டோரதியின் வீட்டிலிருந்து யாரும் நிம்மதியாக வெளியே போய்விட்டுத் திரும்ப முடியாது. எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார், அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேள்விகள் வாசலிலேயே காத்திருக்கும். அவள் கணவர் மேத்யூ வங்கியில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் கோவிலில் பூசை முடிந்து நடந்து வரும்போதே பதில்களை மனதில் அடுக்கி வைத்துக்கொண்டுதான் தெருமுனை திரும்புவார். இப்படிப்பட்ட டோரதி, தன் தொழிலில் ‘என்ன நடந்தது?’ என்ற கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். மேத்யூவைப் பொறுத்தவரை, வெளியே மிச்சம் பிடித்ததையெல்லாம் அவள் வீட்டில் செலவழித்தாள்.

சமூகப்பணி படித்துவிட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அவள் இருபது வருடம் வேலை பார்த்தாள். அங்கே ஒருநாள், தீ விபத்தில் தப்பித்த ஒரு பெண் தன் கதையை எத்தனை பேரிடம் சொல்கிறாள் என்று எண்ணிப் பார்த்தாள். சீட்டு எழுதுகிறவர், நர்ஸ், பயிற்சி டாக்டர், பெரிய டாக்டர், பெரிய டாக்டருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்துடன் நின்ற மாணவர்கள். ஆறாவதாக டோரதி. அந்தப் பெண் அன்று ஐந்து முறை எரிந்துவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள். டோரதி கேள்விப் பட்டியலை மூடிவிட்டு, “இந்த நாற்காலி வசதியா இருக்கா? கதவு திறந்து இருக்கட்டுமா, மூடணுமா?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் அரை மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, போகும்போது, “அடுத்த வாரமும் உங்ககிட்டயே வரேன்” என்றாள். பெரிய டாக்டர், “ஒண்ணுமே எழுதலையே?” என்று கோபித்துக்கொண்டார். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு டோரதி வேலையை விட்டாள்.

சொந்தமாக ஓர் அறை பார்த்தாள். மயிலாப்பூர் கடைத்தெருவில், எவர்சில்வர் பாத்திரக் கடை ஒன்றின் மாடி. இடம் அருமை, வாடகையும் பரவாயில்லை. மாடிப்படி மட்டும் தெருவைப் பார்த்து இருந்தது. அதில் ஏறுகிற ஒவ்வொருவரையும் குளக்கரைக்கும் கோபுரத்துக்கும் இடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முதல் மாதம் வந்த நான்கு பேரில் மூன்று பேர் கையில் பாத்திரத்தோடு வந்தார்கள். மாட வீதியிலிருந்து வந்த ஒரு மாமி, “கீழ ஒரு தூக்கு வாங்கிண்டு போலாம்னு வந்தேன். படி தப்பி மேல ஏறிட்டேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, தூக்கோடு இறங்கிப் போனாள். பாத்திரக் கடைக்காரருக்கு அது நல்ல வருடம்.

முகம் தெரியாத இடம் ஒன்று வேண்டும் என்று டோரதிக்குப் புரிந்தது. அது 1999. ஊரில் தடுக்கி விழுந்தால் பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அது பதில் சொல்லும் வேகம் தன்னை அவமானப்படுத்துவதாக நினைத்தாள். இருந்தும் ஒன்று வாங்கி, டெலிபோன் லைனோடு இணைத்து, சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் இலவசமாக வீசிவிட்டுப் போகிற பேட்டைப் பத்திரிகையில் நான்கு வரி விளம்பரம் கொடுத்தாள். ‘பேச வேண்டாம். முகம் காட்ட வேண்டாம். கம்ப்யூட்டரில் எழுதினால் போதும். என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன்.’ கீழே ஈமெயில் முகவரி.

அதைப் பார்த்துவிட்டு, கல்யாணத் தரகு வேலை என்று நினைத்து இரண்டு பேர் ஜாதகம் அனுப்பினார்கள். மூன்றாவதாக வந்தது ஒரு பஸ் டிரைவரின் கடிதம்.

டிரைவர் பெயர் கபாலி. நாற்பத்தொரு வயது. பதினைந்து வருடம் சென்னை நகர பஸ் ஓட்டியவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. போன ஜனவரியில், தி.நகரில் கடைத்தெரு முடிகிற இடத்தில் இடது பக்கம் திரும்பும்போது, பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் கை நழுவி விழுந்தார். அவர் பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது, டிரைவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு கபாலி மறுநாள் வண்டி எடுத்தார். நேராகப் போனார். வலது பக்கம் திரும்பினார். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் கை வரவில்லை.

அவரைச் சில்லறை வேலைகளுக்கு மாற்றினார்கள். ரிப்பேரான வண்டியை ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போது, இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய், வலது, வலது, மறுபடி வலது என்று மூன்று முறை திரும்பி அதே சாலையைப் பிடித்தார். டீசல் கணக்குப் பார்த்த டெப்போ மேனேஜர் சுவாமிநாதன் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் மேனேஜர். “கபாலி, ஜூலை அஞ்சாம் தேதி பழைய ரூட்டுலயே வண்டி எடுக்கற. முடியலன்னா டயர் செக்ஷன்லயே இருந்துடு. ஸ்டியரிங்க மறந்துடு” என்றார். கபாலிக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மனைவி அவரை வடபழனி முருகனிடமும், ஒரு தர்காவிலும், பெசன்ட் நகர் மாதா கோவிலிலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். மூன்று இடத்திலும் போய்விட்டுத் திரும்பும்போது ஆட்டோ இடது பக்கம் திரும்பியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டெப்போவுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மான் பல வருடம் கபாலியின் சீட்டுக்குப் பின்னால் நின்று பயணம் செய்தவர். அவர்தான் விளம்பரத்தைக் காட்டினார். “ஆஸ்பத்திரிக்குப் போனா டெப்போவுல பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க. இங்க வந்தா துபாய்க்கு வேலை தேடறேன்னு நெனப்பாங்க. உள்ள வா.” பிளைவுட் தடுப்பு வைத்த அந்தச் சின்ன அறைகளுக்குள் பகல் முழுக்க ஆண்கள் போய்க் குற்றமுள்ள முகத்தோடு வெளியே வந்தார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. சென்னையிலேயே ரகசியத்துக்கு இவ்வளவு மரியாதை உள்ள இடம் வேறு கிடையாது.

வியாழக்கிழமை தோறும் காலை பதினோரு மணி என்று முடிவாயிற்று. திரையில் இவள் ஒரு வரி எழுதினால் அங்கே தெரியும், அவர் எழுதினால் இங்கே. டோரதி தன் வழக்கப்படி ஆரம்பித்தாள். நாற்காலி வசதியா, காற்றாடி ஓடுகிறதா, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது. பதில்கள் மளமளவென்று, நல்ல ஆங்கிலத்தில் வந்தன. ஒரு பஸ் டிரைவர் தூக்கமின்மையைப் பற்றி இத்தனை நீளமாக, ‘இரவு என் தலையணை ஒரு பாலைவனம்’ என்றெல்லாம் எழுதுவாரா என்று அவளுக்கு லேசாகத் தோன்றியது. ஆனால் படிப்பை வைத்து ஆளை எடைபோடக்கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவள் அவள். தோன்றியதை அழித்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூன்றாவது வாரம் குழந்தை இல்லை என்று மனைவி அழுதாள். டோரதி கேஸ் நோட்டில் ‘அடையாளக் குழப்பம்?’ என்று எழுதிவிட்டு, தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து இரண்டு நாள் படித்தாள். பெரிய அதிர்ச்சி ஒன்று மனிதனை இரண்டாகப் பிளந்துவிடலாம் என்று அதில் இருந்தது. அவள் மேத்யூவிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள்.

மேத்யூ தோசையைப் பிய்த்தபடி, “ரெண்டு ஆளா இருக்கறவன் ரெண்டு ஆளாவே இருப்பானோ என்னவோ” என்றார்.

“அப்படின்னா?”

“எங்க பேங்க்ல பாதிப் பேருக்கு ஃபாரம் நாங்கதான் எழுதிக் குடுப்போம்.”

டோரதி கையிலிருந்த தோசையைத் தட்டில் போட்டாள். இருபது வருட அனுபவம். காற்றாடியைக் கேட்டாள், கதவைக் கேட்டாள், நாற்காலியைக் கேட்டாள். கேட்க வேண்டியதை விட்டுவிட்டாள். அடுத்த வியாழன் முதல் வரியாக எழுதினாள்: ‘இப்போது அந்த அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?’

பிறகு வந்தது: ‘இரண்டு பேர். கபாலியும், தங்கள் உண்மையுள்ள ஹபீபுர் ரஹ்மான், உரிமையாளர்.’

கபாலிக்கு டைப் அடிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ரஹ்மான் ஆங்கிலத்தில் அடித்தார். நடுவில் கபாலி பேசாமல் இருக்கும் இடங்களில், மேடம் காத்திருக்கிறார்களே என்ற மரியாதையில், தன்னுடைய கவலைகளைப் போட்டு நிரப்பினார். பெண்கள் இருவரும் ரஹ்மானுடையவர்கள். பாலைவனமும் அவருடையதே. மூன்று வாரமாக டோரதி இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

அவள் அன்று கோபப்படவில்லை. கோபப்பட்டால் அது தன் மேல்தான் என்பது அவளுக்குத் தெரியும். ‘ரஹ்மான் சார், உங்களுக்குத் தனியாக நேரம் தருகிறேன். இப்போது எழுந்து வெளியே போங்கள். கபாலி சார் தானே எழுதட்டும். எந்த மொழியிலும் எழுதலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கிறேன்’ என்று எழுதினாள்.

‘எனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்குமா?’ என்று கேட்டுவிட்டு ரஹ்மான் எழுந்தார்.

அதற்குப் பிறகு பதினோரு நிமிடம் கழித்து, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு வரி வந்தது. ‘வணக்கம் மேடம் கபாலி.’

ஒற்றை விரலால் அடித்தார். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு வரி. டோரதிக்குப் பொறுமை என்பது தொழிலில் மட்டும்தான். பால் பொங்குவதற்குக்கூட அடுப்போடு சண்டை போடுகிறவள். ஆனால் இரண்டே வாரத்தில் ஒன்று புரிந்தது. வாயால் பேசுகிறவர்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கொட்டியதிலேயே மூழ்குவார்கள். இவர் மூழ்க முடியாது. ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடும் நேரத்தில் மூச்சு விட்டுக்கொள்ளலாம். எத்தனையோ பயிற்சி முகாம்களில் ‘மெதுவாக, மெதுவாக’ என்று சொல்லிக் கொடுத்ததை, எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று பரப்பி வைத்த ஒரு பிளாஸ்டிக் பலகை தானே செய்துகொண்டிருந்தது.

கபாலி தானாக ஒரு ஏற்பாடு சொன்னார். ‘கண்டக்டர் ஒரு விசில் அட்ச்சா நிறுத்தணும். ரெண்டு விசில் அட்ச்சா போணும். நான் ஒரு புள்ளி வெச்சா நிறுத்து மேடம். ரெண்டு புள்ளி வெச்சா போ.’ எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல வழி இல்லை. டோரதி அதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

மே மாதம் ஒருநாள், ‘உங்கள் இடது கை இப்போது எங்கே இருக்கிறது?’ என்று எழுதிக் கேட்டாள். பதில் வர நேரமாயிற்று. ‘தொடைக்கி அடீல. அது மேல குந்திகினு கீறேன்.’

அவள் அதை எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கே சூடாக இருக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா என்று மட்டும் வாராவாரம் கேட்டாள். ஜூன் இரண்டாவது வாரம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக ஒரு வரி முடிந்தது. அடுத்த வரியில் எழுதியிருந்தார்: ‘இப்ப ஏ எழுத்து லெஃப்ட் கைலதான் அட்ச்சேன்.’ டோரதி எழுந்து போய், சமையலறையில் நின்று, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அதற்கு அடுத்த வியாழன் கபாலி, யாரும் கேட்காமலே, அந்தத் திருப்பத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார். ‘கண்ணாடீல பாத்தேன். அந்தாளு கைல டிபன் கேரியர். ஒரு கைலதான் புட்ச்சிகினு இருந்தாரு. நான் பாத்துட்டேன் மேடம். பாத்துட்டுதான்’

அந்த இடத்தில் திரை செத்தது. பக்கத்து அறையில் மேத்யூ, அதே லைனில் இருந்த டெலிபோனை எடுத்து, “ஹலோ, ஆமா, நம்ம கோவில் பங்குத் திருவிழாவுக்கு மைக் செட்டு...” என்று ஆரம்பித்திருந்தார்.

“வையுங்க அத!”

“ஒரே நிமிஷம்—”

“ஒருத்தர் நட்டநடு ரோட்டுல நிக்கறார். வையுங்க!”

மறுபடி இணைப்புக் கிடைக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. சென்டருக்குப் போன் போடலாம் என்றால் அங்கேயும் ஒரே லைன், அது கம்ப்யூட்டரில். அந்த ஒன்பது நிமிடத்தில் டோரதி தன் தொழில், விளம்பரம், இந்த இயந்திரம் எல்லாவற்றையும் சபித்தாள். ஒருவரைச் சரியாக அந்த வரியில் விட்டுவிட்டு ஓடிப்போகிற வைத்தியரை எந்த ஆஸ்பத்திரியாவது வைத்துக்கொள்ளுமா? திரை உயிர் வந்தபோது அங்கே ஒரு வரி இருந்தது.

‘நீங்க பூட்டீங்க. நானே ஒரு விசில் அட்ச்சிட்டு வெளில போய் டீ குட்ச்சேன். இப்ப சொல்றேன். பாத்துட்டுதான் திரும்புனேன். உள்ள வாய்யான்னு நிறுத்திச் சொல்லியிருக்கலாம். டைம் ஆயிடும்னு சொல்லல. அவ்ளோதான்.’

அவ்வளவுதான். டோரதி, ‘எழுதியதற்கு நன்றி’ என்று பதில் அடித்தாள். வேறு எதையும் சேர்க்கவில்லை. தானே நிறுத்தத் தெரிந்த ஆளுக்குப் போகவும் தெரியும் என்று அவளுக்குத் திடமாகத் தோன்றியது. ஜூலை ஐந்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

ஜூலை ஐந்து, திங்கட்கிழமை. அவள் காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மேத்யூ பேப்பரை இறக்கினார். “எங்க போற? யாரப் பாக்கப் போற?”

“சும்மா பஸ்ல ஒரு ரவுண்டு.”

“கிளையண்ட நேர்ல பாக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?”

“நான் அவரப் பாக்கப் போகல. பஸ்ல ஏறப்போறேன். பஸ் பொதுச் சொத்து.”

“அதைச் சொல்றப்ப உன் முகம் எப்படிப் போச்சு பாரு” என்றார் மேத்யூ, பேப்பரைத் தூக்கிக்கொண்டு.

கபாலியின் ரூட் தொடங்குகிற வடபழனியில் ஏறினாள். இடது பக்கம், பெண்கள் வரிசையில், முன்னாலிருந்து மூன்றாவது சீட். டிரைவரின் பின்கழுத்தும், ஒரு காதும், கண்ணாடியில் நெற்றியும் தெரிந்தன. மூன்று மாதமாக எழுத்து எழுத்தாக அவளுக்குத் தெரிந்த மனிதருக்கு இவ்வளவு அகலமான முதுகு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கியபோதே வண்டியில் எள் விழ இடமில்லை. பின்படியில் ஐந்தாறு பேர் கொத்தாகத் தொங்கினார்கள்.

கடைத்தெரு முடிகிற இடம் வந்தது. இடது பக்கத் திருப்பத்துக்கு முப்பது அடி முன்னால் பஸ் நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. என்ஜினும் அணைந்தது.

டோரதி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். டயர் செக்ஷன் கண்முன் வந்தது.

“இன்னா நைனா, வண்டி பூட்ச்சா?” என்று ஒருவர் கத்தினார்.

கபாலி தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி, நடைபாதையோரம் நடந்து, பின்படிக்குப் போனார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உள்ள ஏறுங்க.”

“உள்ள எங்கய்யா எடம்? நீ வந்து காட்டு.”

“எடம் கீது. ஏறுனாதான் வண்டி போவும்.”

“யோவ், ஆபீசுக்கு டைமாவுது. இன்னா, மினிஸ்டரா நீ?”

“எனக்கு டைமாவல. நான் நிக்கறேன்.”

அவர் நடைபாதைக் கம்பியில் சாய்ந்துகொண்டு நிஜமாகவே நின்றார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. ஒரு நிமிடம் போயிற்று, மூன்று நிமிடம் போயிற்று. கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். டோரதிக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், “காலங்காத்தால இந்த டிரைவருக்குப் பைத்தியம் புட்ச்சிருச்சி” என்றாள்.

தொழிலில் ஒரு சொல் மிகாமல் பேசுகிற டோரதி எழுந்து நின்றாள். “பைத்தியமா? இந்த வண்டியிலேயே புத்தி தெளிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தாம்மா. நடுவுல நிக்கறவங்க எல்லாம் என்ன பண்றீங்க? முன்னாடி நகருங்க! பின்னால ஆறு உசிரு தொங்குது, இங்க காலாட்ட எடம் வெச்சிருக்கீங்க!” சாந்தோம் கோவிலில் திருவிழாக் கூட்டத்தை வரிசையில் நிறுத்திய குரல் அது. நின்றிருந்த கூட்டம் முழுதும் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. பூக்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். “அதான் மேடம் சொல்றாங்கல்ல, நவுரு நவுரு. யோவ் செவப்பு சட்ட, உள்ள வாய்யா, உனுக்கு வேற வெத்தல பாக்கு வெக்கணுமா?”

சிவப்புச் சட்டை உள்ளே வந்தது. பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக, திட்டிக்கொண்டே ஏறினார்கள். ஏழாவது நிமிடம் படி காலியாக இருந்தது.

கபாலி திரும்பி வந்து உட்கார்ந்தார். என்ஜினைப் போட்டார். கண்ணாடியில் பின்படியை ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரமும் பார்த்தார். இடது கை ஸ்டியரிங்கின் மேல் ஏறியது. கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில், அந்தப் பெரிய வண்டி இடது பக்கம் திரும்பியது. யாரும் கைதட்டவில்லை, கால் மிதிபட்டதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூர் போய்ச் சேரும்வரை இன்னும் நான்கு இடது திருப்பங்கள் இருந்தன. டோரதி நான்கையும் எண்ணினாள்.

குளத்தருகே அவள் முன்படியில் இறங்கும்போது கபாலி திரும்பிப் பார்த்தார். “இன்னாம்மா அன்ன நட நடக்கற? சட்டுனு எறங்கு, ஏற்கெனவே லேட்டு.”

அவள் சட்டென்று இறங்கினாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கபாலி நீளமாக எழுதினார். ஏழு நிமிடம் தாமதம் செய்ததற்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கும் தொங்கினால் நாளைக்கும் நிறுத்துவேன் என்று சுவாமிநாதனிடம் சொல்லிவிட்டார். சுவாமிநாதன் தலையில் அடித்துக்கொண்டு, அதே ரூட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு கையாலும் அடித்திருந்ததால் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க இருபது நிமிடம்தான் ஆயிற்று.

தன்னிடம் வருகிறவர்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்பது டோரதியின் இன்னொரு விதி. ஒரு விதியைத்தான் ஏற்கெனவே உடைத்தாயிற்று. எழுதினாள்: ‘கபாலி சார், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.’

திரை அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவர் எழுந்து போய்விட்டாரோ, நம்பிக்கையே போயிற்றோ என்று அவளுக்கு வியர்த்தது. பிறகு, மளமளவென்று, ஒரு வரி வந்தது.

‘டிக்கெட் எடுத்தீங்களா மேடம்?’

டோரதி கைப்பையைத் திறந்து துழாவினாள். அவள் எடுத்திருக்கவில்லை.